நாகர்கோவிலில் இருந்து திற்பரப்பு, சாயாக்கடை வழியாக

சனிக்கிழமை, இரவு

நாளைக் காலை ஐந்தரைக்கு வடசேரியில் கூட வேண்டும். எங்கள் சைக்கிள் கிளப்பின் கூட்டுச் சவாரி. எங்கள் கிளப்பில் வேகக்காரர்களும் உண்டு. வார நாட்களில் விடியுமுன்னே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்துக் காவல்கிணறு வரை போய்த் திரும்பி, யார் எத்தனை நிமிடம் என்று போனில் படம் போட்டுக்கொள்வார்கள். போடட்டும். ஞாயிறு சவாரிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கூட்டத்தில் யார் மெதுவாக வருகிறாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருக்கும். அவ்வளவுதான் சட்டம்.

வழி எது என்பதில் மட்டும் வாரம் முழுக்கச் சண்டை. பாதிப் பேர் கடற்கரை என்றார்கள்: மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல். பார்க்க நல்ல வழிதான். ஆனால் பத்து மணிக்கு மேல் தலைக்கு நிழல் கிடையாது என்று டீச்சர் அக்கா சொன்னார். அவர் ஒருமுறை ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சு நீளாது. ஆகவே மேற்கு: தக்கலை, மாத்தூர், திற்பரப்பு அருவி. திரும்பும்போது பொன்மனை, சுருளோடு, அழகியபாண்டியபுரம். 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

மேற்கே போக எனக்குத் தனியாக ஒரு காரணமும் இருந்தது. இப்போது மாசிக் கடைசி. மார்கழி, தை மாதங்களில் இலை கொட்டி மொட்டையாக நின்ற ரப்பர் மரங்கள் துளிர்க்கிற நேரம். குமரி மாவட்டத்தில் வசந்தம் எங்கே என்று யாராவது கேட்டால், குலசேகரம் பக்கம் கை காட்டுவேன்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விஷயம். கல்குளம், விளவங்கோடு பக்கம் சமதளம் என்று ஒன்று கிடையாது. ஒரு மேடு ஏறினால் உடனே பள்ளம், பள்ளத்தில் இறங்கி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த மேடு. கார்க்காரருக்கு இது தெரியாது, முட்டுக்குத்தான் தெரியும். இதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி சானல் கரை. அணைத் தண்ணீர் தானாகவே ஓடிப்போக வேண்டுமே, அதனால் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சானலை வெட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். கரையில் வண்டி போகிற பாதை இருக்கும். தூரம் கூடும், ஏற்றம் இருக்காது. பெடலைச் சவுட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பேசிக்கொண்டே போகலாம்.

டயருக்குக் காற்று அடித்தாயிற்று. பெல் சரியாக இருக்கிறது. சாயாக்கடையில் கொடுக்கச் சில்லறையும் எடுத்து வைத்தாயிற்று. தூங்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

இருட்டிலேயே ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு இன்ஜினீயரிங் காலேஜ் பையன்கள், கையில் தூக்கினால் எடையே தெரியாத கியர் சைக்கிளோடு. டீச்சர் அக்கா, முன்னால் கூடை வைத்த சைக்கிளில். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து நேராக வந்த நர்ஸ் ஒருவர். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா. இன்னும் பலர். எல்லோருக்கும் பின்னால் டிரைவர் அண்ணாச்சி. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். 28 இஞ்ச் சக்கரம், கேரியர், ஸ்டாண்ட், டைனமோ எல்லாம் உள்ள பழைய கறுப்பு சைக்கிள். கூட்டத்தின் கடைசி ஆள் என்ற பொறுப்பு எப்போதும் அவருக்கு. அவருக்குப் பின்னால் யாரும் விடுபடக் கூடாது.

"பஸ்ஸுல கண்டக்டர் பாக்குற வேல. இப்ப நான் பாக்குறேன்" என்பார்.

திருவனந்தபுரம் போகிற தேசிய நெடுஞ்சாலை பகலில் சைக்கிளுக்கு ஆகாது. லாரியும் பஸ்ஸும் தோளை உரசிக்கொண்டு போகும். ஞாயிறு விடியலில் மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்கும். பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறுவதா, கீழே போவதா என்று வழக்கம்போல ஒரு விவாதம். பையன்கள் மேலே போனார்கள், மற்றவர்கள் கீழே. இரண்டு கட்சியும் அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் சேர்ந்தது. சுங்கான்கடை தாண்டும்போது வானம் வெளுத்தது. வில்லுக்குறியில் முதல் சாயா.

புலியூர்க்குறிச்சியில் அக்கானி, அதாவது பதநீர், விற்றுக்கொண்டிருந்தார்கள். பனையோலையைக் கோட்டிப் பட்டையாகக் கையில் கொடுத்து, நொங்கை வழித்துப் போட்டு, மேலே அக்கானி ஊற்றுவார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து குடிக்க வேண்டும். மீசை உள்ளவர்கள் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருக்கும். காலையில் இறக்கியது, சுண்ணாம்பு வாசம் லேசாக. பையன்களில் ஒருவன் மூன்று பட்டை குடித்தான். அதற்கு மேல் அண்ணாச்சி விடவில்லை. "மக்கா, இன்னும் ஏத்தம் கெடக்கு. வயித்துல தண்ணி ஆடும்."

சாலையோரமே உதயகிரிக் கோட்டைச் சுவர். உள்ளே டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி. பிடித்தவர்களுக்கே படை பயிற்றுவித்து, திருவிதாங்கூரின் தளபதியாகி, 1777இல் இங்கேயே செத்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கும். அந்தக் கதையை நின்று கேட்டவள் ஆறாம் வகுப்புக்காரி மட்டும்தான். "தோத்தவர ஏன் தளபதியாக்கினாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. துப்பாக்கி வேலையும் கோட்டை வேலையும் தெரிந்த ஆளைக் கொன்று என்ன பிரயோஜனம் என்று திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா நினைத்திருப்பார் என்றேன். திருப்தி இல்லாமலே சைக்கிளில் ஏறினாள்.

தக்கலையில் காலை உணவு. புட்டு, பயறு, பப்படம், ஒரு மட்டிப் பழம். புட்டை உடைத்துப் பயறைக் கொட்டி, பப்படத்தை மேலே நொறுக்கிப் பழத்தையும் சேர்த்துப் பிசைந்துவிட வேண்டும். தனித்தனியாகச் சாப்பிடுகிறவர்களை அண்ணாச்சி பரிதாபமாகப் பார்ப்பார். சென்னையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் ஒருவர் ஸ்பூன் கேட்டார். கடைக்காரர் கொடுத்தார், ஆனால் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகவில்லை. பழைய கோட்டைச் சுவரை ஒட்டி வளைந்து போனதோடு சரி. இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை அவர்களிடமே நின்றது. அந்த மரவேலையைப் பார்க்க அரை நாளாவது வேண்டும், வியர்த்த சட்டையோடு ஓடிப்போய்ப் பார்க்கிற இடமில்லை.

தக்கலை தாண்டியதும் சானல் கரை. சாலைச் சத்தம் சட்டென்று நின்றது. வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசியில் அணையை அடைப்பார்கள். அதனால் சானலில் தண்ணீர் இறங்கிப் போய், படித்துறையின் கீழ்ப்படிகளும் தெரிந்தன. இருக்கிற தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா தலையை நிமிர்த்தி, "எங்க போறிய எல்லாரும்?" என்றார்.

"திற்பரப்புக்கு."

"பஸ் ஓடலியா?"

"ஓடுது."

"பின்ன என்னத்துக்கு?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, துணியை அடித்துத் துவைக்கத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கரையில் இரண்டு இரண்டு பேராகப் போகலாம். ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். நர்ஸும் டீச்சர் அக்காவும் மகளிர் குழுக் கடனைப் பற்றி. பையன்கள் வேலை நேர்காணலைப் பற்றி. நான் சென்னைக்காரரோடு, திரும்பி வந்தது சரியா என்பதைப் பற்றி. வீட்டு வரவேற்பறையில் எதிரெதிரே உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் அவர் இத்தனை பேசியிருக்க மாட்டார். பக்கத்தில் பக்கத்தில், இருவர் கண்ணும் பாதையில் இருக்கும்போது பேச்சு தானாக வருகிறது. இந்தச் சவாரிகளுக்கு நான் வருவதே இதற்காகத்தான். அருவியெல்லாம் அப்புறம்.

வேர்க்கிளம்பி தாண்டி ரப்பர் தோட்டங்கள் தொடங்கின. துளிர் என்றால் பச்சை என்று நினைக்க வேண்டாம். புது இலை செம்பு நிறத்தில், துவண்டு தொங்கும். சில நாளில் வெளிர்பச்சை, அப்புறம்தான் கரும்பச்சை. ஒரே சரிவில் மூன்று நிறமும் நின்றன. இலை கொட்டித் துளிர்க்கும் இந்த நாட்களில் பால்வெட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். மரத்தில் கட்டிய சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. தோட்டத்துக்குள் ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் காது கொடுத்தால் தோட்டம் முழுக்க ஒரே இரைச்சல்.

தேனீ. மரங்களுக்கு நடுவே கம்புக் கால்களில் வரிசையாகத் தேன்பெட்டிகள். ஒவ்வொரு காலும் எறும்பு ஏறாதபடி தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நின்றது. பெட்டிக்காரர் வேலையாக இருந்தார். கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது. சட்டையின் மேல் பட்டன் கூடத் திறந்திருந்தது. சைக்கிள்களை வெளியிலேயே நிறுத்திவிட்டுச் சத்தம் போடாமல் வரச் சொன்னார்.

"ரப்பர் பூவுலேருந்துதான தேன்?" என்று கேட்டார் டீச்சர் அக்கா.

"பூவுன்னு நெனச்சியளா? இங்க வாருங்க." தாழ்ந்த ஒரு கொப்பை வளைத்து இலையைக் காட்டினார். ரப்பரில் ஒரு காம்புக்கு மூன்று இலை. மூன்றும் சேருகிற முனையில் கடுகைவிடச் சின்னதாக இரண்டு மூன்று புடைப்புகள். ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு துளி. ஊசி முனை அளவுதான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், நல்ல இனிப்பு. இலை இளசாக இருக்கும் சில வாரம்தான் இந்தச் சுரப்பு. முற்றிவிட்டால் தேனீக்கு இங்கே வேலை இல்லை. மழைக்காலத்தில் சீனிக் கரைசல் வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார்.

ஒரு பெட்டியைத் திறந்து மேல்சட்டத்தை எடுத்துக் காட்டினார். தேனீக்கள் அடை முழுக்க அப்பிக்கொண்டிருந்தன. லேசாக ஊதியதும் ஓரமாக விலகின. மூடி போட்ட அறைகள் வெள்ளையாக, மூடாதவை மினுமினுவென்று. மூடியைக் கத்தியால் சீவி, டிரம்முக்குள் சட்டத்தை வைத்துச் சுற்றினால் தேன் தெறித்துக் கீழே இறங்கும். அடை உடையாது, திரும்பப் பெட்டிக்கே போய்விடும். மார்த்தாண்டம் பக்கம் இந்தத் தொழிலைப் பெட்டியும் கையுமாகப் பரப்பியது ஒய்எம்சிஏ கிராமப்புற மையம். 1920களில் அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் போட்ட அடித்தளம் இன்னும் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

அவருக்கு ஒரு மனக்குறை. ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து சீனி கட்டிவிடும். வாங்கினவர்கள் கலப்படம் என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். "உறையதுதான் தேனுக்க சொபாவம். வெந்நீர்ல பாட்டில இறக்கி வச்சா எளகும். எத்தன பேருக்குச் சொல்ல?" சொல்லிவிட்டேன், இங்கே எழுதியாயிற்று. ஆளுக்கொரு பாட்டில் வாங்கினோம். என் பாட்டில் டீச்சர் அக்காவின் கூடையில் வந்தது. கூடை வைத்த சைக்கிளைக் கிண்டல் செய்த பையன்களின் பாட்டில்களும் அதிலேயே வந்தன.

அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம். சுற்றுலாப் பயணிகள் இதை உயரத்துக்காகப் பார்க்கிறார்கள். சானல் கரையில் வந்தவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரியும். குன்றைச் சுற்றி ஒரே மட்டத்தில் வந்த தண்ணீருக்கு எதிரே திடீரென்று பறளியாற்றுப் பள்ளத்தாக்கு. கீழே இறங்கினால் திரும்ப ஏறாது. சுற்றிப் போக இடமில்லை. ஆகவே அந்தரத்தில் ஒரு தொட்டி கட்டி இந்தக் குன்றில் இருந்து அந்தக் குன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 28 தூண்கள், பள்ளத்தில் இருந்து 115 அடி. காமராஜர் காலத்துத் திட்டம், 1966இல் முடிந்தது. பட்டணங்கால் சானலின் தண்ணீர் இதன் வழியே போய்த்தான் அந்தப் பக்கத்து ஊர்களில் பாய்கிறது.

சைக்கிளை வெளியே விட்டுவிட்டு நடந்தோம். தொட்டியை ஒட்டிக் குறுகலான நடைபாதை. ஒரு பக்கம் ஆள் மூழ்கும் ஆழமுள்ள தொட்டி, இன்று அதில் கணுக்கால் அளவு தண்ணீர். மறுபக்கம் தென்னை மரங்களின் உச்சி, நம் காலுக்குக் கீழே. பாதி வழியில் ஆறாம் வகுப்புக்காரி நின்றுவிட்டாள். அம்மா எவ்வளவு கூப்பிட்டும் அசையவில்லை. அண்ணாச்சி போய் அவள் முன்னால் நடந்தார். "என் முதுக மட்டும் பாரு. கீழ நான் பாத்துக்கிடுதேன்." அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், திரும்பி வருகிற வழியில் அவள்தான் முதல் ஆள்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது. வெளியில் நின்று கும்பிட்டோம். 2022இல் 418 ஆண்டுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்த கோயில். கோதையாறும் பறளியாறும் இந்த ஊரை வளைத்து வந்து மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறைத் தாமிரபரணி ஆகின்றன. காலையில் இருந்து நாங்கள் தாண்டித் தாண்டி வந்தது ஏறக்குறைய எல்லாம் இந்த இரண்டு ஆற்றின் தண்ணீர்தான்.

குலசேகரம் ஏற்றத்தில் பேச்சு நின்றது. பையன்கள் மேலே போய்க் காத்திருந்தார்கள், நாங்கள் பலர் இறங்கி உருட்டினோம். உருட்டுவதில் ஒரு அவமானமும் இல்லை.

திற்பரப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேன் வேனாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோடையில் கோதையாறு மெலிந்துவிடும், ஆனாலும் குளிக்கிற அளவுக்கு விழுந்தது. எனக்கு அருவியைவிட அதன் மேலே விரிந்து கிடக்கிற பாறைதான் பிடிக்கும். ஆறு முழுக்க ஒரே பாறையின் மேல் பரவி வருகிறது. தலை நனைத்துவிட்டுக் கோயில் வாசலில் உட்கார்ந்தோம். சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது கோயில். சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்களை, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடியே முடிப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். 100 கிலோமீட்டருக்கு மேல். அண்ணாச்சி இளவயதில் ஓடியிருக்கிறார். "செருப்பும் கெடயாது, கியரும் கெடயாது" என்று பையன்களைப் பார்த்துச் சொன்னார். பையன்கள் செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

சாப்பாடு குலசேகரத்துக்குத் திரும்பி வந்து. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மயக்கியது, சாளை மீன் குழம்பு. நர்ஸ் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து இருபது நிமிடம் தூங்கினார். யாரும் எழுப்பவில்லை. வேகக்காரர் ஒருவர் கூட வந்திருந்தால் அந்த இருபது நிமிடம் கிடைத்திருக்காது.

பொன்மனை தாண்டி ஒரு பையனுக்குப் பஞ்சர். மெல்லிய டயர், சின்ன முள். அவனிடம் மாற்று ட்யூப் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அண்ணாச்சி கேரியரில் இருந்து தகர டப்பாவை எடுத்தார். சக்கரத்தைக் கழற்றாமலே இரண்டு லீவரால் டயரை நெம்பி, ட்யூபை உருவி, காற்று அடித்து, பக்கத்து ஓடையில் முக்கினார். குமிழி வந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிற வரைக்கும் ஒரு பழைய கதை. ஒட்டை ஒட்டினபின் கல்லை வைத்துத் தட்டினார். பிறகு டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடி எடுத்தார். "இத எடுக்காம மாட்டினா அடுத்த முக்குல திரும்பவும் இதே வேல." பையன் முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தான். அங்கிருந்து ஊர் வரைக்கும் அவன் அண்ணாச்சியோடு கடைசியில்தான் வந்தான்.

சுருளோட்டில் கட்டன் சாயா. அழகியபாண்டியபுரத்தில் இருந்து நாட்டின் முகமே மாறுகிறது. ரப்பர் போய் வயல். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வைக்கோல் உருட்டுகள் ஆங்காங்கே. முதுகுக்குப் பின்னால் மலை, முகத்தில் கடல்காற்று. சாயந்தரம் இந்தக் காற்று எதிர்க்கத்தான் செய்யும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள மற்றவர்கள் பின்னால் ஒட்டி வந்தோம், ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் மாறி மாறி. இறச்சகுளத்தில் கூட்டம் கலையத் தொடங்கியது. வடசேரி சேரும்போது விளக்கு வைக்கும் நேரம்.

திங்கட்கிழமை

தொடையைவிட உள்ளங்கைதான் வலிக்கிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு இது வரும், பழகினால் போய்விடும் என்கிறார் நர்ஸ்.

காலையில் இருந்து குரூப்பில் படங்கள். அதிகம் வந்தது தொட்டிப்பாலம், இரண்டாவது புட்டு. தேன் படம் ஒன்றுகூட இல்லை. அந்த நேரம் எல்லோரும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த சவாரிக்குப் பறவை பார்க்கலாம் என்று பேச்சு. தேரூர், சுசீந்திரம் குளங்கள், புத்தளம் உப்பளம், மணக்குடி காயல். வலசை வந்தவை கிளம்புமுன் போக வேண்டும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதன்பின் ஒருமுறைகூடக் கிளப்பாக நாங்கள் அங்கே போனதில்லை. முழுக்கச் சமதளம், 40 கிலோமீட்டர் கூட வராது. புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். எந்தச் சைக்கிளானாலும் சரி, பிரேக் பிடித்தால் போதும்.

கிளம்பும் நேரத்தில்தான் இன்னும் முடிவு இல்லை. பையன்கள் ஆறரை என்கிறார்கள். டீச்சர் அக்கா ஐந்தரை என்று எழுதிவிட்டார்.

அப்படியென்றால் ஐந்தரை.